ஃப்ளூவைப் புரிந்துகொண்டு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை தொடங்கினால் தமிழ்நாட்டில் காய்ச்சல் சீசனும் தொடங்கிவிடும். கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் பலருக்கும் ஒரே புகார்தான்: திடீர்க் காய்ச்சல், வறட்டு இருமல், அடித்துப்போட்டது போல உடம்பு வலி. “சும்மா வைரல் ஃபீவர்தான், மூணு நாள்ல சரியாகிடும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். ஆரோக்கியமான 25 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் அது அப்படித்தான் முடியும். அவர் இருமிக்கொண்டு படுத்திருக்கும் அதே வீட்டில் சர்க்கரை நோயுள்ள அப்பாவோ, நிறைமாதக் கர்ப்பிணித் தங்கையோ, இன்னும் தலை நிற்காத குழந்தையோ இருந்தால், அவர்களுக்கு அதே காய்ச்சல் ஐசியூ வரை போகலாம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது, அதில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் தீவிரமாகிறது, சுவாசக் கோளாறுகளால் மட்டும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனைக்கும் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. போலியோ சொட்டு மருந்து நாளன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் வீடுகளில், ஃப்ளூ ஊசி என்ற பேச்சே எழுவதில்லை. அது எழ வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எது ஃப்ளூ, யாருக்கு முதலில் ஊசி, எந்த மாதம், கடையில் என்ன கேட்பது, ஊசி போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: வந்திருப்பது ஃப்ளூதானா என்று அடையாளம் காணுங்கள்

ஃப்ளூவை உண்டாக்குவது இன்ஃப்ளூயன்ஸா வைரஸ். இதில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. சீசன்தோறும் ஊரைப் படுக்க வைப்பவை ஏ, பி இரண்டும்தான். சி வகை லேசான சளியோடு போய்விடும். டி பெரும்பாலும் மாடுகளுக்கு வருவது. ஏ வகையில் இப்போது மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருப்பவை எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டு. 2009-ல் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று நாம் பயந்தோமே, அதுதான் இன்றைய எச்1என்1. அந்தக் கொள்ளைநோய் முடிந்துவிட்டதாக 2010 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். அதன் பிறகு அது வருடா வருடம் வந்துபோகும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாகிவிட்டது. பன்றி இறைச்சி சாப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சாதாரண ஜலதோஷம் மெதுவாக வரும். முதலில் தொண்டை கரகரக்கும், அப்புறம் மூக்கு ஒழுகும், காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். ஃப்ளூ அப்படியில்லை. காலையில் நன்றாக வேலைக்குப் போனவர் மாலையில் குளிர் நடுக்கத்தோடு திரும்பி வந்து போர்வைக்குள் சுருண்டுகொள்வார். கடும் காய்ச்சல், தலைவலி, மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்து பாத்ரூம் போகக்கூடத் தெம்பில்லாத அசதி. காய்ச்சல் சில நாட்களில் இறங்கினாலும் இருமலும் சோர்வும் இரண்டு வாரம் கூட நீளலாம். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இருக்காது. சாப்பாடு வேண்டாம் என்பார்கள், தடுமாறுவார்கள், பேச்சில் குழப்பம் தெரியும். இதை வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

வைரஸ் உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் அறிகுறி தெரியும். பெரும்பாலும் இரண்டாம் நாள். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவர் மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுவார், அடுத்த ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்புவார். குழந்தைகள் இன்னும் அதிக நாட்கள் பரப்புவார்கள். அதனால் ‘காய்ச்சல்காரரிடமிருந்து தள்ளி இருந்தேனே’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. அவருக்கே தெரியாத நாளில் பரவிவிடுகிற நோய் இது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃப்ளூ உச்சத்துக்குப் போகும் அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் வரும். இருமல், மூக்கொழுகல், தொண்டை வலி தூக்கலாக இருந்தால் ஃப்ளூ பக்கம் சந்தேகப்படலாம். இருமலே இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, தோலில் சிவப்புத் தடிப்பு என்றால் டெங்குவைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் இது உத்தேசக் கணக்குதான். உறுதி செய்வது பரிசோதனை. எது என்று தெரியும் வரை ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும். வாந்தியும் பேதியும் மட்டும் வருவதை ‘ஸ்டமக் ஃப்ளூ’ என்பார்கள். அதற்குக் காரணம் வேறு கிருமிகள், இந்தத் தடுப்பூசி அதற்கானதல்ல.

படி 2: ஏன் ஒவ்வொரு வருடமும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

“போன வருஷம்தானே போட்டோம், மறுபடியுமா?” என்பதுதான் எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. அம்மைக்கான தடுப்பூசி குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது, இது மட்டும் ஏன் முடிவதில்லை?

இதற்கான பதிலை மருத்துவ உலகம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. மனித ஃப்ளூ வைரஸை 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லைட்லா ஆகிய மூவர் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸும், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க்கும் ஃப்ளூ தடுப்பூசியை உருவாக்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ வீரர்களிடம் சோதித்தார்கள். நன்றாக வேலை செய்தது. 1945-ல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1947-ல் வந்த ஃப்ளூ அலையில், ஊசி போட்டவர்களும் போடாதவர்களைப் போலவே படுத்தார்கள். ஊசி தரமாகத்தான் இருந்தது. வைரஸ் மாறிவிட்டிருந்தது.

வைரஸின் மேல்புறத்தில் இரண்டு புரதங்கள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஹீமக்ளூட்டினின் என்பது நம் செல்லில் ஒட்டிக்கொள்ள உதவுவது. நியூராமினிடேஸ் என்பது பெருகிய வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேற உதவுவது. எச்1என்1 என்ற பெயரில் வரும் ‘எச்’, ‘என்’ என்ற எழுத்துகள் இந்த இரண்டையும்தான் குறிக்கின்றன. நம் உடலின் எதிர்ப்பணுக்கள் முக்கியமாக இந்த முட்களைப் பார்த்துத்தான் எதிரியை அடையாளம் காண்கின்றன. வைரஸோ ஒவ்வொரு முறை தன்னைப் பிரதி எடுக்கும்போதும் எழுத்துப்பிழை விடும், திருத்திக்கொள்ளாது. பிழைகள் சேரச் சேர முட்களின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஓரிரு ஆண்டுகளில் பழைய எதிர்ப்பணுவுக்கு அடையாளம் தெரியாத அளவுக்குப் போய்விடும்.

இதைவிடப் பெரிய மாற்றமும் உண்டு. ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பன்றியின் உடலுக்குள் பறவை ஃப்ளூவும் மனித ஃப்ளூவும் சேர்ந்து நுழைந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தது போலத் துண்டுகள் இடம் மாறி, யாருடைய உடலும் பார்த்திராத புது வைரஸ் பிறக்கலாம். 1957, 1968, 2009 ஆண்டுகளின் கொள்ளைநோய்கள் இப்படித் துண்டுகள் கலந்து வந்தவை. 1918-ல் வந்ததுதான் எல்லாவற்றிலும் கொடியது. முதல் உலகப்போரின் கப்பல்கள் வழியாக அந்த ஆண்டு பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயில் பாதைகள் வழியே நாடெங்கும் பரவி, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பலரும் ஃப்ளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால் இறந்தார்கள். அப்போது ஆன்டிபயாடிக்கும் இல்லை, தடுப்பூசியும் இல்லை.

வைரஸ் எந்தத் திசையில் மாறுகிறது என்பதைக் கண்காணிக்க 1952 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஆய்வகங்களின் வலைப்பின்னல் ஒன்று இயங்குகிறது. இந்தியாவில் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் அதில் அங்கம் வகிக்கிறது. வந்து சேரும் தகவல்களை வைத்து ஆண்டுக்கு இருமுறை நிபுணர்கள் கூடுகிறார்கள். பிப்ரவரியில் வட அரைக்கோளத்தின் அடுத்த சீசனுக்கும், செப்டம்பரில் தென் அரைக்கோளத்தின் அடுத்த சீசனுக்கும் எந்தெந்த வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று முடிவாகிறது. அதன்பின் தயாரிப்புக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். இன்றும் பெரும்பாலான ஊசிகள் கோழிமுட்டையில் வளர்த்த வைரஸிலிருந்துதான் வருகின்றன.

ஊசிப் பெட்டியில் ‘ஏ/கலிஃபோர்னியா/7/2009’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். வைரஸின் வகை, அது கண்டெடுக்கப்பட்ட இடம், மாதிரியின் எண், ஆண்டு என்று அதைப் படிக்க வேண்டும். வருடா வருடம் அந்த வரிகளில் ஒன்றிரண்டு மாறியிருக்கும். மாறாத வருடத்திலும் ஊசி தேவையா என்றால், தேவை. சில மாதங்களில் எதிர்ப்பணுக்களின் அளவு இறங்கத் தொடங்கிவிடும், முக்கியமாக முதியவர்களுக்கு.

பலன் எவ்வளவு? ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில், ஃப்ளூவுக்காக மருத்துவரிடம் போகும் நிலை 40 முதல் 60 சதவீதம் வரை குறைகிறது. நூறு சதவீதம் இல்லையே என்று சிலர் உதறிவிடுகிறார்கள். அது தவறான கணக்கு என்பேன். ஊசி போட்ட பிறகும் ஃப்ளூ வந்தவர்களுக்கு நோய் தீவிரமாகி ஆஸ்பத்திரி, ஐசியூ என்று போகும் வாய்ப்பு குறைகிறது. நமக்கு வேண்டியது அதுதானே? இதயத்துக்கும் இதில் பங்குண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுவதைக் காட்டியது. ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்துகொண்டவர் இருக்கும் வீட்டில் இந்தத் தகவல் ஒன்றே போதும், ஊசிக்கு நாள் குறிக்க.

படி 3: வீட்டில் யாருக்கு முதலில் என்று பட்டியல் போடுங்கள்

ஆறு மாதம் நிறைந்த யாரும் போட்டுக்கொள்ளலாம். பணம், நேரம் எல்லாம் பார்த்து வரிசைப்படுத்த வேண்டுமென்றால், கர்ப்பிணியை முதலில் வைப்பேன். கர்ப்ப காலத்தில் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஏற்கெனவே சுமை அதிகம். ஃப்ளூ வந்தால் மோசமாகும். எந்த மாதத்திலும் ஊசி போடலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. இன்னொரு பலன், தாயின் எதிர்ப்பணுக்கள் குழந்தைக்கும் போகும். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை இந்த ஊசி போட முடியாது, ஆகவே அந்த ஆறு மாதத்துக்கு அம்மா போட்ட ஊசிதான் அதற்குக் காவல். “மாசமா இருக்கும்போது ஊசியா?” என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால், டெட்டனஸ் ஊசியை நினைவூட்டுங்கள். அதுவும் கர்ப்ப காலத்தில்தானே போடுகிறோம்.

அடுத்து நாள்பட்ட நோயுள்ளவர்கள். சர்க்கரை, ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை, எச்ஐவி, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் வயது பாராமல் இந்த வரிசையில் வருவார்கள். தமிழ்நாட்டில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. அதனால் இந்த ஒரு வரியே ஏராளமான குடும்பங்களைத் தொடும்.

65 வயது தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கட்டாயம் யோசிக்க வேண்டியவர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் பரிந்துரைக்கிறது. அப்புறம், முதியவரையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்கிறவர்கள். வீட்டோடு தங்கி உதவும் அக்காவும், முதியவருக்கு அமர்த்திய நர்ஸும் இதில் சேர்த்தி. அவர்களுக்கும் நீங்களே செலவழித்துப் போட்டுவிடுவது நல்லது.

பெற்றோர் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று: குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா’ என்று இருப்பதைப் பார்த்து ஃப்ளூ ஊசி போட்டாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஒரு பாக்டீரியா, ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியில் வருவது. ஃப்ளூ ஊசி வேறு. அது அரசின் இலவசக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாகக் கேட்டுத்தான் போட வேண்டும்.

படி 4: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது; உடல் எதிர்ப்பணுக்களைத் தயாரிக்க இரண்டு வாரம் ஆகும். ஆகவே சீசனுக்கு முன்பே போட வேண்டும். இந்தியாவில் ஃப்ளூ பெரும்பாலான இடங்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் முதல் செப்டம்பருக்குள் ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு சிறு ஏற்றம் இருக்கும். காஷ்மீரில் குளிர்காலத்தில்தான். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் உச்சம் அக்டோபர், நவம்பரில் வருவதைக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் மழைக்காலமே அப்போதுதானே.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவதற்குள் போட்டுக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் பொருத்தமாக இருக்கும். தென் அரைக்கோளப் பதிப்பு பொதுவாக ஏப்ரல், மே வாக்கில் கடைகளுக்கு வரும், வட அரைக்கோளப் பதிப்பு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். எதைப் போடுவது என்று மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாம். போடும் நாளில் கிடைப்பவற்றில் புதியது எதுவோ அதுவே போதும். நவம்பர் வந்துவிட்டதென்றாலும் ‘இந்த வருஷம் அவ்வளவுதான்’ என்று விடாதீர்கள். ஜனவரி ஏற்றத்துக்காவது பயன்படும். கர்ப்பிணிகள் மாதம் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

டொரன்டோவிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க டிசம்பரில் கிளம்பும் அப்பா அம்மாவுக்குத் தனிக் குறிப்பு. அங்கே அது ஃப்ளூவின் உச்சகாலம். விமானத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது வட அரைக்கோளப் பதிப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். ஹஜ், உம்ரா செல்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். லட்சக்கணக்கானவர்கள் நெருக்கமாகக் கூடும் இடத்தில் ஃப்ளூ வேகமாகப் பரவும்.

படி 5: எந்த ஊசி, எங்கே, என்ன கேட்பது

இங்கே அதிகம் கிடைப்பது செயலிழந்த வைரஸின் துண்டுகளைக் கொண்ட ஊசி. அதில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் ஊசியாலேயே ஃப்ளூ வர வழியில்லை. வாக்ஸிகிரிப், இன்ஃப்ளூவாக், ஃப்ளூவாரிக்ஸ், வாக்ஸிஃப்ளூ என்று பல பெயர்களில் வந்திருக்கின்றன. பெயரைவிட அந்த ஆண்டின் பதிப்பா என்பது முக்கியம். மூன்று வைரஸ்களுக்கான ட்ரைவேலன்ட், நான்குக்கான குவாட்ரிவேலன்ட் என இரண்டு உண்டு. முன்பு நான்கு உள்ளதே மேல் என்பார்கள். ஆனால் நான்காவதான பி வகையின் யமகாட்டா கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகத் தென்படவில்லை. அதனால் 2023 செப்டம்பரிலிருந்து அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மூன்று உள்ளது கிடைத்தால் குறை என்று நினைக்காதீர்கள்.

விலை கம்பெனியைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் மேலே வரிசை போடச் சொன்னேன். எல்லோருக்கும் முடியாவிட்டால் அபாயம் அதிகமுள்ள ஒருவருக்காவது போடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் குளிர்ச்சிதான். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் கெடும், உறைந்துபோனாலும் கெடும். உறைந்து உருகியதைப் போடவே கூடாது. நம் ஊரில் பல கிளினிக்குகளில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்து போட்டுக்கொள்வோம். அப்படியென்றால் கடையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். மின்வெட்டுக்கு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ உண்டா என்று கேட்பதில் தப்பில்லை. ஐஸ் பேக் போட்ட சின்னத் தெர்மோகோல் பெட்டியில் வாங்கி, ஐஸ் நேரடியாகப் படாமல் ஊசிப் பெட்டிக்கும் ஐஸுக்கும் நடுவில் துணியோ காகிதமோ வைத்து, நேராகக் கிளினிக்குக்குப் போங்கள். வழியில் காய்கறி வாங்குவது, நாளைக்குப் போடலாமென்று வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லாம் வேண்டாம். கிளினிக்கிலேயே ஸ்டாக் வைத்திருக்கிற குழந்தை மருத்துவரிடமோ மருத்துவமனையின் தடுப்பூசிப் பிரிவிலோ போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. என் தேர்வு அதுதான்.

பெட்டியில் மூன்றைப் பாருங்கள்: காலாவதி தேதி, எந்த ஆண்டின் பதிப்பு, வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்பது.

படி 6: ஊசி போடும் நாள்

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்தவர் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கும் பெரிய குழந்தைகளுக்கும் தோள்பட்டைக்குக் கீழே மேற்கையில், கைக்குழந்தைக்குத் தொடையில் போடுவார்கள். இறுக்கமான சட்டை தவிர்த்தால் நர்ஸுக்கும் வசதி. கொரோனா ஊசி, நிமோனியா ஊசி போன்றவற்றை அதே நாளில் வேறு கையில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு 15 நிமிடமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரியும்.

ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாழ்வில் முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். இரண்டாவதை மறந்துவிடும் பெற்றோர் நிறைய. முதல் டோஸ் உடலுக்கு வைரஸை அறிமுகம் செய்வதோடு நின்றுவிடும், போதிய பாதுகாப்பு இரண்டாவதில்தான். அடுத்த ஆண்டு முதல் ஒன்று போதும். செப்டம்பர் முடிவுக்குள் இரண்டும் முடிய வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும்.

ஓரிரு நாள் கை வலிக்கலாம், லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். அது ஃப்ளூ இல்லை. எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதன் அடையாளம். ஊசி போட்ட வாரத்திலேயே சிலருக்கு இருமலும் சளியும் வந்து, ஊசிமேல் பழி விழுவதுண்டு. மழைக்காலத்தில் சுற்றும் வேறு வைரஸாகவோ, இரண்டு வாரப் பாதுகாப்பு வருவதற்குள் தொற்றிய ஃப்ளூவாகவோ அது இருக்கும்.

போடக்கூடாதவர்கள் சிலர்தான். ஆறு மாதம் நிறையாத குழந்தை, முன்பு ஃப்ளூ ஊசியாலேயே கடும் ஒவ்வாமை வந்தவர். கில்லன் பாரே என்ற, நரம்புகளைத் தாக்கிக் கை கால்களைத் தளரவைக்கும் நோய் முந்தைய ஃப்ளூ ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் வந்திருந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்கு அது கூடுதலாக வரலாம் என்பது கணக்கு. ஃப்ளூ நோயாலேயே அது வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். கடும் காய்ச்சலில் இருப்பவர் குணமாகும் வரை தள்ளிப்போடலாம். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் இப்போது போட்டுக்கொள்ளலாம் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தெரிவித்துவிட்டுப் போடுங்கள், போதும். மூக்கில் தெளிக்கும் வகை மட்டும் உயிருள்ள, பலவீனப்படுத்திய வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆகாது.

பேட்ச் எண் ஸ்டிக்கரை மருத்துவக் கோப்பில் ஒட்டிவைத்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்கு ஃபோனில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

படி 7: அப்படியும் காய்ச்சல் வந்தால்

முதல் 48 மணி நேரம் முக்கியம். ஃப்ளூவுக்கான ஆசல்டமிவிர் என்ற மருந்து, டாமிஃப்ளூ, ஃப்ளூவிர் போன்ற பெயர்களில் வருவது, அந்த நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் எல்லோருக்கும் அது தேவையில்லை. மத்திய சுகாதாரத் துறை நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது (வைரஸ் வகைகளின் ஏ, பி, சி வேறு). அதை வீட்டிலிருப்பவர்களும் தெரிந்துவைத்துக்கொண்டால் வீண் பதற்றமும் இருக்காது, வீண் தாமதமும் இருக்காது.

லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி மட்டும் என்றால் ஏ. பரிசோதனையும் வேண்டாம், ஆசல்டமிவிரும் வேண்டாம். தனி அறையில் ஓய்வு, பாராசிட்டமால், கஞ்சி, ரசம், இளநீர், ஒன்றிரண்டு நாளில் மறுபடி மருத்துவர் பார்வை. காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையானால், அல்லது லேசான அறிகுறியே ஆனாலும் கர்ப்பிணி, சிறு குழந்தை, 65 தாண்டியவர், நாள்பட்ட நோயுள்ளவர் என்றால் பி. இவர்களுக்கு மருத்துவர் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே ஆசல்டமிவிர் தொடங்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஐந்து நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் கடையில் தானே வாங்கிப் போடக்கூடாது.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலமாவது, தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, குழந்தை பால் குடிக்க மறுத்து ஓயாமல் சிணுங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சி. அடுத்த நாள் வரை பார்க்கலாம் என்பதே கூடாது, உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் இருமலும் ஏறினாலும் உடனே போங்கள். அது பெரும்பாலும் நிமோனியா தொடங்குவதன் அறிகுறி.

சில எச்சரிக்கைகள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. மருத்துவர் பாக்டீரியாத் தொற்று என்று சொன்னால் மட்டுமே அது தேவை. கடைகளில் கிடைக்கும் ‘கோல்டு’ மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது, அதோடு தனிப் பாராசிட்டமாலும் போட்டால் அளவு மீறிக் கல்லீரலைப் பாதிக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் ரே சிண்ட்ரோம் என்ற ஆபத்தான மூளை, கல்லீரல் பாதிப்பு வரலாம். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிநீர்ச் சட்டியைக் குழந்தையின் முன் வைக்காதீர்கள், வெந்நீர் கொட்டிப் புண்ணாகும் விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. நிலவேம்புக் குடிநீர் குடிக்கும் வழக்கமிருந்தால் குடியுங்கள், ஆனால் அது தடுப்பூசிக்கோ ஆசல்டமிவிருக்கோ மாற்று இல்லை.

மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும் வரை பள்ளிக்கும் ஆபீஸுக்கும் லீவு போடுங்கள். வீட்டுக்குள் முதியவர் இருந்தால் காய்ச்சல்காரர் மாஸ்க் போட்டுக்கொள்வதும், ஜன்னலைத் திறந்துவைப்பதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் நிஜமாகவே உதவும்.

அந்த ஆண்டு ஊசி போடாமல் ஃப்ளூ வந்து குணமானவர் ‘அதான் வந்து போயிடுச்சே’ என்று ஊசியை விட்டுவிடுவதுண்டு. வந்தது ஒரு வைரஸ்தான், ஊசியில் இருப்பது மூன்றோ நான்கோ. அக்டோபரில் எச்1என்1 வந்தவருக்கு ஜனவரியில் எச்3என்2-ஓ பி வகையோ வரலாம். உடம்பு தேறியதும் அவரும் போட்டுக்கொள்ளலாம்.